சினைப்பசுத் தடுப்பூசியும் கன்றின் நோய்க்காப்பும்

பிறந்த கன்றை முதல் சில வாரங்களில் தாக்கும் நோய்களிலிருந்து காப்பதற்காக, அது கருப்பையில் இருக்கும்போதே தாய்ப்பசுவுக்குத் தடுப்பூசி போடும் முறை, கால்நடை மருத்துவத்தில் 1970களிலிருந்து வளர்ந்து வந்துள்ளது. ஊசியின் தூண்டுதலால் தாயின் குருதியில் பெருகும் எதிர்ப்பொருள்கள், அதாவது ஒரு குறிப்பிட்ட கிருமியை இனங்கண்டு அதனோடு பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்யும் புரதங்கள், ஈற்றுக்கு முந்தைய வாரங்களில் மடியில் சேர்ந்து, சீம்பால் வழியாகக் கன்றை அடைகின்றன. கன்றின் உடல் தானே உருவாக்காமல் தாயிடமிருந்து ஆயத்தமாகப் பெறும் இக்காப்பு மந்த நோய்த்தடைக்காப்பு எனப்படும். பிறந்த முதல் மாதத்தில் கன்றுகள் இறப்பதற்குப் பெருங்காரணமாக உலகெங்கும் விளங்கும் கழிச்சல் நோயே இம்முறையின் முதன்மை இலக்கு. தமிழக உழவர் வெள்ளைக் கழிச்சல் என்று அறிந்திருப்பது அதன் வகைகளுள் ஒன்றாகும்.

சினையோடு தொடர்புடைய எல்லாத் தடுப்பூசிகளும் இவ்வகையில் அடங்குவதில்லை. மாட்டு வைரஸ் கழிச்சல் நோய் எனப்படும் நோயின் வைரஸ், சினையின் ஏறத்தாழ 40ஆம் நாளுக்கும் 120ஆம் நாளுக்கும் இடையில் கருவை அடைந்தால், நோயெதிர்ப்பு மண்டலம் இன்னும் முதிராத அக்கரு அவ்வைரஸைத் தன் உடலின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொண்டு, பிறந்தபின் வாழ்நாள் முழுதும் அதை வெளியேற்றிப் பரப்பும் விலங்காகிவிடுகிறது. இதைத் தடுக்கும் ஊசி சினைக்கு விடுவதற்கு முன்பே போடப்படுவது; வைரஸ் கருவை எட்டாமல் தாயின் உடலிலேயே நிற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இக்கட்டுரையின் பொருளான தடுப்பூசியோ சினையின் பிற்பகுதியில் போடப்பட்டு, கன்று பிறந்து சீம்பால் குடித்த பிறகே பயன் தருவது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் காலம் தவறிப் போடுவதால் இரண்டின் பயனும் கெடும்.

கன்று எதிர்ப்பொருளின்றிப் பிறப்பதன் காரணம்

மனிதரின் நஞ்சுக்கொடியில் கருவின் திசு தாயின் குருதியில் நேரடியாகத் தோய்ந்திருப்பதால், எதிர்ப்பொருள்கள், குறிப்பாக இம்யுனோகுளோபுலின்-ஜி என்னும் வகையைச் சார்ந்தவை, பேறுகாலத்தின் கடைசி மாதங்களில் குழந்தையின் குருதிக்குள் தாராளமாகக் கடந்து செல்கின்றன. பசுவின் அமைப்பு வேறு. அதன் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரோடு முழுமையாக ஒட்டாமல், பல பத்துக் கொத்துகளில் மட்டுமே பிணைகிறது. அக்கொத்துகளிலும் தாயின் குருதிக்கும் கருவின் குருதிக்கும் இடையே பல திசு அடுக்குகள் நிற்கின்றன. உணவுச் சத்துகளும் உயிர்வளியும் அவற்றைக் கடக்கின்றன. பெருமூலக்கூறுகளான எதிர்ப்பொருள்கள் கடப்பதில்லை. ஆகவே கன்று, நோயெதிர்ப்புச் செல்கள் எல்லாவற்றையும் உடையதாயினும், எதிர்ப்பொருள் ஏறக்குறைய ஏதுமில்லாமலே பிறக்கிறது. அது தன் சொந்த எதிர்ப்பொருளைக் கணிசமான அளவில் உண்டாக்குவதற்குப் பல வாரங்கள் ஆகின்றன. கழிச்சல் கிருமிகளோ பிறந்த முதல் நாளிலேயே வந்துவிடுகின்றன.

தாய்ப்பாலின் வழியே நோய்க்காப்பு கடத்தப்படுகிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் பவுல் எர்லிச் 1892இல் சுண்டெலிகளைக் கொண்டு மெய்ப்பித்தார். ஒரு நச்சுக்கு எதிராகக் காப்புப் பெற்ற தாயின் குட்டிகளையும் பெறாத தாயின் குட்டிகளையும் இடம் மாற்றிப் பாலூட்டச் செய்தபோது, குட்டியின் பாதுகாப்பு ஈன்ற தாயை மட்டும் பொறுத்ததன்று, பாலூட்டிய தாயையும் பொறுத்தது என்பது தெரியவந்தது. கன்றைப் பொறுத்தவரை இதைத் தெளிவாகக் காட்டியவர்கள், அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இருந்த ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தின் விலங்கு நோயியல் துறையைச் சார்ந்த தியோபால்டு ஸ்மித்தும் ரால்ஃப் லிட்டிலும் ஆவர். 1922இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், சீம்பால் மறுக்கப்பட்ட கன்றுகளில் பெரும்பான்மை சில நாட்களில் இறந்தன. அவற்றின் உறுப்புகளில், வளர்ந்த மாட்டின் குடலில் தீங்கின்றி வாழும் எஷெரிக்கியா கோலை என்னும் பாக்டீரியா பெருகியிருந்தது. சீம்பால் குடித்த கன்றுகளோ பிழைத்தன. சீம்பாலைக் குடல் இளக்கியாக மட்டும் கருதிவந்த கருத்து இதனால் கைவிடப்பட்டது. எதிர்ப்பொருள்களைச் செல்லுக்குக் குறுக்கே சுமந்து செல்லும் ஏற்பி ஒன்று இருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் பிரிட்டனைச் சார்ந்த பிராம்பெல் முன்வைத்த கருதுகோள், அவ்வேற்பி மெய்யாகவே கண்டறியப்பட்டபோது உறுதிப்பட்டது.

சீம்பாலின் இயல்பு

ஈற்றுக்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன்பே பசுவின் மடி குருதியிலிருந்து எதிர்ப்பொருள்களை, அவற்றுள்ளும் சிறப்பாக இம்யுனோகுளோபுலின்-ஜி1 என்னும் உட்பிரிவைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கத் தொடங்குகிறது; கடைசி இரண்டு மூன்று வாரங்களில் இச்சேர்க்கை உச்சத்தை அடைகிறது. தாயின் குருதியில் எதிர்ப்பொருளின் அளவு இக்காலத்தில் கண்கூடாகக் குறையும் அளவுக்கு இது பெரிய இடமாற்றமாகும். இயல்பான பாலில் புரதம் நூற்றுக்கு மூன்று பங்கை ஒட்டியிருக்க, முதற்கறவைச் சீம்பாலில் அது பதினான்கு பங்கு அளவுக்கு உயர்ந்து நிற்பதும், சீம்பாலைக் காய்ச்சினால் திரண்டு கட்டியாவதும் பெரும்பாலும் இந்த எதிர்ப்பொருள்களால்தான். லிட்டருக்கு 50 கிராமும் அதற்கு மேலும் இம்யுனோகுளோபுலின்-ஜி கொண்ட சீம்பால் நல்ல தரமுடையது எனக் கொள்ளப்படுகிறது. கரும்புச்சாற்றின் இனிப்பை அளக்கப் பயன்படும் பிரிக்ஸ் மானியில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கும்போது 22 விழுக்காடும் அதற்கு மேலும் காட்டுவது இத்தரத்துக்கு இணையானது என்பதால், ஆய்வகமில்லாத பண்ணைகளிலும் இதைச் சோதிக்க முடிகிறது.

பிறந்த கன்றின் சிறுகுடல் செல்கள் பெரிய புரத மூலக்கூறுகளை உடையாமல் அப்படியே விழுங்கிக் குருதிக்குள் விடும் திறனுடையவை. இத்திறன் பிறந்த நேரத்திலிருந்தே தேயத் தொடங்கி, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் முற்றிலும் அற்றுப்போகிறது. இதைக் குடல் மூடல் என்பர். சீம்பாலில் உள்ள டிரிப்சின் தடுப்பான் என்னும் பொருள், எதிர்ப்பொருள்கள் வழியில் செரித்துப் போகாமல் காக்கிறது. குடித்த எதிர்ப்பொருளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே பொதுவாகக் குருதியைச் சேர்வதால், முதல் ஊட்டலிலேயே போதிய அளவு தரப்பட வேண்டியிருக்கிறது. கன்றின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பாலைப் பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது வழக்கமான பரிந்துரை. 40 கிலோ எடையுள்ள கலப்பினக் கன்றுக்கு இது 4 லிட்டராகும். ஒன்று முதல் ஏழு நாள் வயதுக்குள் எடுக்கப்படும் குருதிநீரில் லிட்டருக்கு 10 கிராமுக்குக் குறைவாக இம்யுனோகுளோபுலின்-ஜி இருக்குமானால், அக்கன்றில் மந்தக் காப்புக் கடத்தல் தோல்வியுற்றதாகக் கருதப்படுகிறது.

இலக்கான கிருமிகள்

கன்றுக் கழிச்சலை உண்டாக்கும் கிருமிகள் பல. அவை தாக்கும் வயதுகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. தாய்க்குப் போடும் தடுப்பூசி எந்த நோயில் எவ்வளவு பயன் தரும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது இந்த வயதுக் கணக்கே ஆகும்.

முதல் நான்கு நாட்களில் தாக்குவது, நச்சு சுரக்கும் எஷெரிக்கியா கோலை வகை. இதன் மேற்பரப்பில் கே99 அல்லது எஃப்5 எனப்படும் மயிர்போன்ற நுண்ணிழைகள் உள்ளன. இவற்றால் அது சிறுகுடல் செல்களைப் பற்றிக்கொண்டு, வெப்பத்தால் கெடாத ஒரு நச்சைச் சுரக்கிறது. அந்நச்சினால் குடற்செல்கள் உடலின் நீரையும் உப்புகளையும் குடலுக்குள் கொட்டுகின்றன. கன்று சில மணி நேரங்களிலேயே கண்கள் உள்ளிறங்கி, தோல் சுருங்கி, நீரிழப்பால் இறக்கக்கூடும். நுண்ணிழை பற்றுவதற்கான இடங்கள் குடற்செல்களில் சில நாட்களில் மறைந்துவிடுவதால், அந்த வயதைக் கடந்த கன்றை இக்கிருமி பொதுவாகத் தாக்குவதில்லை. கே99க்கு எதிரான எதிர்ப்பொருள்கள் நுண்ணிழைகளைப் போர்த்திவிட்டால் கிருமி குடலைப் பற்ற இயலாமல் சாணத்தோடு வெளியேறிவிடுகிறது. நோயின் காலமும் சீம்பாலின் காலமும் ஒன்றாக அமைந்திருப்பதால், தாய்த் தடுப்பூசி மிகத் தெளிவான வெற்றியைக் கண்ட நோய் இதுவே எனலாம்.

ரோட்டா வைரஸும் மாட்டுக் கொரோனா வைரஸும் அவ்வளவு எளிதில் வசப்படுவன அல்ல. ரோட்டா பெரும்பாலும் 5 முதல் 14 நாள் வயதிலும், கொரோனா அதே வயதில் தொடங்கி மூன்று வாரங்கள் வரையிலும் நோயை உண்டாக்குகின்றன. இரண்டும் குடல் உட்பரப்பின் விரலிகளை மூடியுள்ள செல்களை அழிப்பதால், குடித்த பால் செரியாமலும் உறிஞ்சப்படாமலும் கழிகிறது. பெருங்குடலையும் தாக்கும் கொரோனாவில் நோய் கடுமையாகவும் நீண்டும் இருக்கும். வைரஸ் தாக்குவது குடலின் உட்பரப்பை என்பதால், அதைத் தடுக்க வேண்டிய எதிர்ப்பொருள் குடலுக்குள்ளேயே, நோய் வரும் வயதில், இருந்தாக வேண்டும். முதல் நாளில் உறிஞ்சப்பட்டுக் குருதியை அடைந்தவற்றில் ஒரு பகுதி மெல்ல மீண்டும் குடலுக்குள் கசிகிறது என்றாலும், நாள்தோறும் குடிக்கும் பாலில் எதிர்ப்பொருள் தொடர்ந்து இருப்பதே உறுதியான காப்பு. தடுப்பூசி போட்ட பசுவின் சீம்பாலை ஒரு நாள் மட்டும் கொடுத்துவிட்டு, மறுநாளே பால்மாவுக்கு மாற்றிவிடும் பண்ணைகளில் ரோட்டாக் கழிச்சல் குறையாதிருப்பதற்கு இதுவே காரணம்.

சில பன்முகத் தடுப்பூசிகளில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் சி வகையின் நச்சுக்கு எதிரான கூறும் சேர்க்கப்படுகிறது. கிரிப்டோஸ்போரிடியம் பார்வம் என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி மட்டும் நீண்ட காலம் எந்தத் தடுப்பூசிக்கும் அகப்படாதிருந்தது. கடினமான உறையுடைய அதன் முட்டைகள் வழக்கமான கிருமிநீக்கிகள் பலவற்றைத் தாங்கி நிற்பவை. அது மனிதரையும் தாக்கக்கூடியது என்பதால் கன்றைப் பேணுவோருக்கும் இடர் உண்டு. அதன் மேற்பரப்புப் புரதமான ஜிபி40ஐ அடிப்படையாகக் கொண்டு, சினையின் கடைசிப் பருவத்தில் பசுவுக்குப் போடும் தடுப்பூசி ஒன்று 2020களின் முற்பகுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெற்றது.

தாய்க்கு ஊசி என்ற முடிவுக்கு வந்த வழி

கன்றைக் காக்கத் தாய்க்கு ஊசி போடலாம் என்பது எர்லிச்சின் ஆய்விலேயே அடங்கியிருந்தபோதும், வைரஸ் கழிச்சலைப் பொறுத்தவரை கால்நடை அறிவியல் முதலில் கன்றுக்கே மருந்து கொடுத்துப் பார்த்தது. 1969இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சார்லஸ் மெபஸும் அவருடைய குழுவினரும் கழிச்சல் கண்ட கன்றுகளின் சாணத்தில் ஒரு புதிய வைரஸைக் கண்டறிந்தனர். பின்னர் ரோட்டா வைரஸ் எனப் பெயர்பெற்றது அதுவே. அடுத்து மாட்டுக் கொரோனா வைரஸையும் அதே குழு இனங்கண்டது. மனிதக் குழந்தைகளில் ரோட்டா வைரஸை மெல்போர்னில் ரூத் பிஷப் கண்டறிந்தது 1973இல்தான் என்பதால், இவ்வைரஸைப் பற்றிய அறிவு தொழுவத்திலிருந்து மருத்துவமனைக்குச் சென்றது என்பது குறிப்பிடத்தக்கது.

நெப்ராஸ்காவில் வலுக்குறைக்கப்பட்ட வைரஸைக் கொண்டு உருவாக்கப்பட்ட தடுப்புமருந்து, பிறந்தவுடன் கன்றின் வாயில் புகட்டப்பட்டது. சீம்பால் குடிக்காத ஆய்வகக் கன்றுகளில் அது நன்கு செயல்பட்டது. பண்ணைகளில் முறையான ஒப்பீட்டுச் சோதனைகள் கனடாவிலும் நெதர்லாந்திலும் நடத்தப்பட்டபோது, மருந்து புகட்டப்பட்ட கன்றுகளுக்கும் புகட்டப்படாதவற்றுக்கும் இடையே பயனுள்ள வேறுபாடு காணப்படவில்லை. பெரும்பாலான பசுக்கள் ரோட்டாவை எப்போதோ எதிர்கொண்டவை. அவற்றின் சீம்பாலில் இருந்த எதிர்ப்பொருளே கன்றின் வாயில் விட்ட உயிருள்ள தடுப்புமருந்தை முடக்கிவிட்டது. கன்றுக்கு மருந்து பலிக்க வேண்டுமானால் சீம்பாலைத் தள்ளிப்போட வேண்டும். சீம்பாலைத் தள்ளிப்போட்டாலோ கன்று வேறு நோய்களால் இறக்கும். இந்த முரணிலிருந்து விடுபட, இடையூறாக நின்ற சீம்பாலின் எதிர்ப்பொருளையே பெருக்கிப் பயன்படுத்தும் எண்ணம் வலுப்பெற்றது.

கே99ஐப் பொறுத்தவரை வழி விரைவில் தெளிந்தது. கனடாவின் சஸ்கட்டூனில் 1975இல் நிறுவப்பட்ட கால்நடைத் தொற்றுநோய் ஆய்வு அமைப்பைச் சார்ந்த ஏக்கர்ஸ், பாபியுக் ஆகியோரும் உடன் பணியாற்றியோரும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், தூய்மையாக்கப்பட்ட கே99 புரதத்தைச் சினைப்பசுக்களுக்கு ஊசியாகப் போட்டாலே அவற்றின் கன்றுகள் அக்கிருமிக் கழிச்சலிலிருந்து காக்கப்படுகின்றன என்று காட்டப்பட்டது. ரோட்டாவுக்கு அத்தகைய விரைவான முடிவு கிட்டவில்லை. ஓஹையோ மாநில வேளாண் ஆய்வு மையத்தில் லிண்டா சைஃபும், ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆய்வு நிறுவனத்தில் டேவிட் ஸ்னாட்கிராஸும் 1980களில் மேற்கொண்ட ஆய்வுகள், எதிர்ப்பொருளின் அளவு போதிய உயரத்துக்குச் செல்லுமாறு தடுப்பூசியில் உள்ள வைரஸின் அளவும் துணைமருந்தின் தன்மையும் அமைந்தால்தான் காப்பு சீம்பாலோடு நில்லாமல் அடுத்து வரும் நாட்களின் பாலிலும் நீடிக்கும் என்பதை நிலைநாட்டின. துணைமருந்து என்பது தடுப்பூசியோடு கலக்கப்பட்டு நோயெதிர்ப்புத் தூண்டலை மிகுவிக்கும் எண்ணெய், அலுமினிய உப்பு போன்ற பொருளாகும். இன்று பல நாடுகளில் விற்பனையாகும் தடுப்பூசிகள் ரோட்டா, கொரோனா, கே99 மூன்றையும் ஒரே ஊசியில் அடக்கியவை.

போடும் காலம்

பசுவின் சினைக்காலம் சராசரியாக 283 நாட்கள். பண்ணைகளில் கடைசி 60 நாட்களுக்குப் பால் வற்றவிடப்படுகிறது. எதிர்ப்பொருள் குருதியில் உச்சத்தை அடையும் நேரமும் மடி அதைச் சேர்க்கும் நேரமும் இணைய வேண்டும் என்பதால், இப்பால்வற்றிய காலத்தையொட்டியே ஊசியின் நாள் கணக்கிடப்படுகிறது. ஐரோப்பாவில் பரவலாகப் பயன்படும் ஒரு தடுப்பூசி ஈற்றுக்கு 12 வாரங்களுக்கும் 3 வாரங்களுக்கும் இடையில் ஒருமுறை போடப்படுவது. வேறு சில, முதல்முறை போடப்படும் பசுவுக்கு மூன்று அல்லது நான்கு வார இடைவெளியில் இருமுறையும், அதன்பின் ஒவ்வொரு சினையிலும் ஒருமுறையும் போடப்படுபவை. ஈற்றுக்கு ஒரு வாரமே உள்ளபோது முதல் ஊசியைப் போடுவது பசுவுக்குத் தீங்கில்லாவிடினும், எதிர்ப்பொருள் மடியை அடைவதற்குள் சீம்பால் உருவாகிவிடுவதால் பெரும்பாலும் வீணாகிறது. சினைக்கு விட்ட நாளைக் குறித்துவைக்காத தொழுவங்களில் இத்தவறு எளிதில் நேர்கிறது.

தலைச்சன் ஈற்றுக் கிடேரிகளிடம் தனிக் கவனம் தேவைப்படுகிறது. அவை சுரக்கும் சீம்பாலும் குறைவு, அவை வாழ்நாளில் எதிர்கொண்ட கிருமிகளும் குறைவு என்பதால் அவற்றின் கன்றுகளே பெரும்பாலும் முதலில் நோயுறுகின்றன. பொதுவாக இத்தடுப்பூசிகள் கொல்லப்பட்ட கிருமிகளையோ அவற்றின் கூறுகளையோ கொண்டவை. அதனால் சினைக்குப் பாதுகாப்பானவை. ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் ஓரிரு நாள் மெல்லிய காய்ச்சலும் காணப்படலாம். கிராம்-எதிர்வகை பாக்டீரியாக்களைக் கொண்ட பல தடுப்பூசிகளை ஒரே நாளில் போடுவது மட்டும் தவிர்க்கப்பட வேண்டும். அவற்றின் செல்சுவரில் உள்ள உள்நச்சு சேர்ந்து கடுங்காய்ச்சலையும், அரிதாகக் கருச்சிதைவையும் உண்டாக்கக்கூடும், கடும் வெயில் நாட்களில் இது இன்னும் கூடும். 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்கப்பட வேண்டிய இம்மருந்துகள் உறைந்துபோனால் துணைமருந்து பிரிந்து பயனற்றுவிடுகின்றன.

சினைப்பசுவின் தீவனம் குறைந்தால் சீம்பாலின் அளவு குறைகிறது. ஈற்றுக்கு முன்பே மடியிலிருந்து பால் ஒழுகும் பசுவிலும், ஈற்றுக்கு முன் கறக்கப்பட்ட பசுவிலும் எதிர்ப்பொருள் முன்னரே போய்விடுகிறது. கறந்த சீம்பாலைத் தூய்மையற்ற பாத்திரத்தில் அறை வெப்பத்தில் வைத்திருந்தால் பாக்டீரியா பெருகி, குடலின் உறிஞ்சலைத் தடுப்பதோடு தானே நோயை உண்டாக்கவும் செய்கிறது, ஏனெனில் திறந்திருக்கும் குடல் எதிர்ப்பொருளை மட்டும் உள்ளே விடுவதில்லை. பெரிய பண்ணைகளில் சீம்பாலை 60 டிகிரி செல்சியசில் ஒரு மணி நேரம் வைத்துப் பாக்டீரியாவைக் குறைக்கின்றனர். இவ்வெப்பத்தில் எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் கெடுவதில்லை. தொழுவத்தில் கிருமியின் சுமை மிகுதியாக இருந்தால் எந்தச் சீம்பாலும் முழுமையாகத் தாங்காது. நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதியில் வகுக்கப்பட்ட ஈற்று முறையில், ஈன்ற பசுக்களை அவற்றின் கன்றுகளோடு அங்கேயே விட்டுவிட்டு, இன்னும் ஈனாத பசுக்களை வாரந்தோறும் புதிய மேய்ச்சல் நிலத்துக்கு நகர்த்துகின்றனர். இதனால் மூத்த கன்றுகள் கழித்த கிருமிகள் புதிதாகப் பிறப்பவற்றை எட்டுவதில்லை. ஊசி எதுவும் சேராமலே கழிச்சலை வெகுவாகக் குறைத்த இம்முறையைத் தடுப்பூசிக்கு மாற்றாகவன்றி, அதற்கு முன் செய்ய வேண்டியதாகக் கொள்வதே பொருந்தும்.

சீம்பால் சுமந்து வந்த கேடு

தாயின் குருதியில் இருக்கும் எதிர்ப்பொருள் எதுவாயினும் மடி அதைத் திரட்டிக் கன்றுக்குத் தருகிறது என்பதற்கு, 2000களின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் தோன்றிய ஒரு கொடிய நோய் சான்றாகும். 2007ஐ ஒட்டி ஜெர்மனியில் முதலில் கவனிக்கப்பட்டு, பின் பிரிட்டன், பிரான்சு, பெல்ஜியம் முதலிய நாடுகளிலும் காணப்பட்ட இந்நோயில், ஒரு மாதத்துக்குட்பட்ட கன்றுகள் காதில் அடையாள வில்லை குத்திய இடத்திலும், ஊசி போட்ட இடத்திலும், சில வேளைகளில் காயமில்லாத தோலிலும் நில்லாமல் குருதி ஒழுகி இறந்தன. அவற்றின் எலும்பு மஞ்சையில் குருதிச் செல்களை உண்டாக்கும் செல்களே அழிந்திருந்தன. தாக்குண்ட கன்றுகளுள் மிகப் பெரும்பான்மை பிழைக்கவில்லை.

ஆய்வுகள் நச்சு, தொற்று, மரபு எனப் பல காரணங்களை விலக்கி, இக்கன்றுகளின் தாய்களுக்குப் பொதுவாகப் போடப்பட்டிருந்த, மாட்டு வைரஸ் கழிச்சல் நோய்க்கான பிரெக்சூர் பிவிடி என்னும் தடுப்பூசியை வந்தடைந்தன. அத்தடுப்பூசியின் வைரஸ், மேடின், டார்பி ஆகியோர் 1950களில் உருவாக்கிய மாட்டுச் சிறுநீரகச் செல்வழியில் வளர்க்கப்பட்டது. வைரஸோடு அச்செல்களின் மேற்பரப்புத் திசுப்பொருத்தப் புரதங்களும் ஊசிக்குள் வந்துவிட்டிருந்தன. அதில் சேர்க்கப்பட்டிருந்த வலிமை மிக்க துணைமருந்து அவற்றுக்கு எதிராகவும் பசுவின் உடலைத் தூண்டியது. பசுவின் சொந்தச் செல்களில் அப்புரத வகை இல்லாததால் பசுவுக்குத் தீங்கில்லை. ஆனால் காளையின் மரபு வழியாக அதே வகைப் புரதத்தைப் பெற்றிருந்த கன்று தாயின் சீம்பாலைக் குடித்தபோது, அவ்வெதிர்ப்பொருள்கள் கன்றின் குருதித் தட்டுகளையும் வெள்ளணுக்களையும் எலும்பு மஞ்சையையும் தாக்கின. தடுப்பூசி போடப்பட்ட பசுக்களின் கன்றுகளில் மிகச் சிறு பகுதியே நோயுற்றதற்கும் இந்த மரபுப் பொருத்தம் அமைய வேண்டியிருந்ததே காரணம். 2010இல் இத்தடுப்பூசி ஜெர்மனியிலும் தொடர்ந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் நிறுத்தப்பட்டது. எதிர்ப்பொருள் பசுவின் உடலில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்ததால், முன்னர் ஊசி பெற்ற பசுக்களின் சீம்பாலைக் கன்றுக்குத் தராமல் வேறு பசுக்களின் சீம்பாலைத் தருமாறு பண்ணையாளர் அறிவுறுத்தப்பட்டனர். மாட்டுத் தடுப்பூசிக்கு மாட்டுச் செல்களையே ஊடகமாகக் கொள்வதில் உள்ள இடர் இதன்பின்னரே முழுமையாக உணரப்பட்டது.

இந்தியச் சூழல்

2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், கோமாரியையும், புருசெல்லோசிஸ் எனப்படும் கன்றுவீச்சு நோயையும் இலக்காகக் கொண்டது. புருசெல்லோசிஸுக்கான எஸ்19 தடுப்பூசி உயிருள்ள பாக்டீரியாவைக் கொண்டது என்பதால் சினை மாட்டுக்குப் போடத்தக்கதன்று. அது 4 முதல் 8 மாத வயதுள்ள பெண்கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒருமுறை போடப்படுகிறது. கோமாரித் தடுப்பூசி கொல்லப்பட்ட வைரஸால் ஆனது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மந்தை முழுவதற்கும் போடப்படுவதால், கன்றுக்காக என்று எண்ணப்படாமலே அது தாய்த் தடுப்பூசியாகவும் பயன்படுகிறது. வளர்ந்த மாட்டில் வாயிலும் குளம்பிலும் புண்ணாக வெளிப்படும் கோமாரி, இளங்கன்றில் இதயத் தசையைத் தாக்கி, புண் எதுவும் தோன்றுமுன்னரே திடீர் இறப்பை உண்டாக்கக்கூடியது. தடுப்பூசி முறையாகப் பெற்றுவந்த தாயின் சீம்பாலைக் குடித்த கன்றுக்கு இதிலிருந்து காப்பு உண்டு. நிறைசினையில் ஊசி போட்டால் கன்று வீசிவிடும் என்ற அச்சத்தால் தடுப்பூசி முகாமுக்குப் பசுவைக் கொண்டுவராமல் இருந்துவிடும் உழவர், கன்றுக்கு உரிய இக்காப்பையும் சேர்த்தே இழக்கின்றனர். நிறைசினை மாட்டைப் பிடிக்கும்போதும் கட்டும்போதும் முரட்டுத்தனம் கூடாது என்பது உண்மை. தீங்கு பெரும்பாலும் மருந்தைவிடக் கையாளும் விதத்தில்தான் இருக்கிறது.

நஞ்சுக்கொடி விழுந்த பிறகே கன்றை ஊட்டவிட வேண்டும் என்ற நம்பிக்கை தமிழகச் சிற்றூர்களில் இன்னும் காணப்படுகிறது. நஞ்சுக்கொடி விழுவதற்கு இயல்பாகவே 12 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால், அதற்குள் கன்றின் குடல் தன் உறிஞ்சும் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. கன்று ஊட்டும்போது தாயின் உடலில் சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையைச் சுருக்கி நஞ்சுக்கொடி விழவும் உதவுகிறது என்பதால் இந்தக் காத்திருப்பால் பசுவுக்கும் பயனில்லை. ஈன்ற முதல் சில நாட்களின் பால் சங்கங்களில் வாங்கப்படுவதில்லை. அதனால் சீம்பால் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சப்பட்டு வீட்டிலும் அண்டை வீடுகளிலும் உண்ணப்படுவது வழக்கம். கலப்பினப் பசு சுரக்கும் சீம்பால் கன்றின் தேவையை மிஞ்சியது என்பதால் இவ்வழக்கத்தில் குறையொன்றுமில்லை. ஆனால் எதிர்ப்பொருள் மிகச் செறிந்திருப்பது முதற்கறவையிலாதலால், அதைக் கன்று வயிறாரக் குடித்த பிறகே மிச்சம் அடுப்புக்குச் செல்ல வேண்டும்.

கன்றின் குருதியை அடைந்த தாய்வழி எதிர்ப்பொருள் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வருகிறது. அது மிகுந்திருக்கும் வரை, கன்றுக்குப் போடப்படும் தடுப்பூசியை அதுவே முடக்கிவிடுகிறது. 1970களில் வாய்வழித் தடுப்புமருந்து பயனற்றுப்போன அதே வகையில்தான் இதுவும் நிகழ்கிறது. அது குறைந்த பின்னும் ஊசியைத் தாமதித்தால் கன்று எந்தக் காப்பும் இல்லாமல் நிற்கும். இவ்விரண்டுக்கும் நடுவே தேர்ந்தெடுக்கப்பட்ட வயதாக, கோமாரித் தடுப்பூசியின் முதல் தவணை இந்தியத் திட்டத்தில் நான்கு மாதம் நிறைந்த கன்றுகளுக்குப் போடப்பட்டு, சில வாரங்களில் ஊக்கத் தவணையும் தரப்படுகிறது.